ஐந்து குவாட் எடுத்தும் வெள்ளி ஏன்? பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் மதிப்பெண் கணக்கு

2022 பிப்ரவரி 17. பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபிகர் ஸ்கேட்டிங்கின் இறுதிப் பகுதி. ரஷ்ய வீராங்கனை அலெக்சாண்ட்ரா ட்ரூசோவா ஒரே நிகழ்ச்சியில் ஐந்து குவாட் தாவல்களை எடுத்து நின்றார். குவாட் என்றால் ஒரே தாவலில் காற்றிலேயே நான்கு சுற்று. ஒலிம்பிக்கில் அதற்கு முன் எந்தப் பெண்ணும் ஐந்தைத் தொட்டதில்லை. ஆனால் தங்கம் அவருடைய நாட்டுக்காரரான அன்னா ஷெர்பகோவாவுக்குப் போனது. ஷெர்பகோவா எடுத்த குவாட் இரண்டுதான். அரங்கின் ஓரத்தில் ட்ரூசோவா குமுறி அழுதது நேரலையில் ஓடியது.

அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் அடங்கவில்லை. ஒரு தரப்புக்கு அது கலையின் வெற்றி. மறுதரப்புக்கு அது கடினமான தாவலுக்கு இழைத்த அநீதி. மதிப்பெண் பட்டியலை எடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு தரப்பும் தப்பான இடத்தில் சண்டை போடுவது தெரியும். அதைப் பார்க்க முதலில் சில அடிப்படைகள் வேண்டும்.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

ரசிகர் பேச்சில் தாவல், நடன அமைப்பு, இசையுணர்வு என்ற மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. பிரித்துக்கொள்வோம்.

1. தாவல். ஆறு வகை உண்டு: டோ லூப், சால்கோவ், லூப், ஃபிளிப், லட்ஸ், ஆக்சல். பிளேடின் எந்த விளிம்பிலிருந்து எழும்புகிறார், மறுகால் பிளேடின் நுனியில் உள்ள பல்லைப் பனியில் ஊன்றுகிறாரா இல்லையா என்பதை வைத்துப் பெயர் மாறும். ஆக்சல் ஒன்றுதான் முன்னோக்கிப் போகும்போது எழும்புவது. இறங்குவது எப்போதும் பின்னோக்கி என்பதால் ஆக்சலில் அரைச் சுற்று கூடுதல். ட்ரிபிள் ஆக்சல் என்றால் மூன்றரைச் சுற்று.

2. நடன அமைப்பு. எந்த அசைவு பனிப்பரப்பின் எந்த மூலையில், எந்த வரிசையில், இசையின் எந்த இடத்தில் வர வேண்டும் என்ற திட்டம். பருவம் தொடங்குமுன் நடன அமைப்பாளர் வகுத்துத் தருவது.

3. இசையுணர்வு. அந்தத் திட்டத்தை அன்றைக்கு, அந்தப் பனியில், தாளத்தில் உட்கார வைப்பது. இது முழுக்க ஸ்கேட்டரின் கையில் இருக்கிறது. கச்சேரி கேட்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை: ஸ்வரத்தைப் பாடிக் கொண்டுவந்து சமத்தில் சேர்ப்பவர் வேறு, கணக்கு முடிந்ததும் நிறுத்துபவர் வேறு.

நல்ல நடன அமைப்பை இசை கேட்காத காதோடு ஆடிவிடலாம். சுமாரான நடன அமைப்பை இசையுணர்வால் தூக்கி நிறுத்தவும் முடியும். ஒருவரிடம் இரண்டில் ஒன்று இருப்பதைப் பார்த்து மற்றதும் இருப்பதாக எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலான சண்டைகளின் தொடக்கம்.

புள்ளி வரும் இரண்டு பைகள்

பழைய முறையில் 6.0 தான் உச்சம். 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் ஜோடிப் பிரிவுத் தீர்ப்பு பெரிய ஊழல் சர்ச்சையாக வெடித்தது. அதன் பிறகு சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் அந்த முறையைத் தூக்கிப் போட்டுவிட்டு, 2004 முதல் புள்ளிகளைக் கூட்டும் இன்றைய முறைக்கு வந்தது. இதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இரண்டு பைகளிலிருந்து புள்ளி வருகிறது.

முதல் பை தொழில்நுட்ப மதிப்பெண். ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் காலடி வரிசைக்கும் ஓர் அடிப்படை மதிப்பு உண்டு. பெய்ஜிங்கில் நடப்பில் இருந்த பட்டியலில் குவாட் லட்ஸ் 11.5, குவாட் ஃபிளிப் 11.0, ட்ரிபிள் ஆக்சல் 8.0, ட்ரிபிள் லட்ஸ் 5.9, டபுள் ஆக்சல் 3.3. சுற்று முழுமையா, எழும்பிய விளிம்பு சரியா என்பதைத் தொழில்நுட்பக் குழு மறுஒளிபரப்பில் பார்த்து முடிவு செய்யும். செய்த விதம் எப்படி என்பதற்கு ஒன்பது நடுவர்கள் –5 முதல் +5 வரை தரப்புள்ளி இடுவார்கள். அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் தள்ளிவிட்டு மீதியின் சராசரி எடுக்கப்படும். தாவலில் ஒவ்வொரு தரப்புள்ளியும் அடிப்படை மதிப்பில் 10 சதவீதம்.

இரண்டாவது பை நிகழ்ச்சிக் கூறுகள். 2022 வரை ஐந்து கூறுகள் இருந்தன: ஸ்கேட்டிங் திறன், இணைப்பசைவுகள், வெளிப்பாடு, நிகழ்ச்சி அமைப்பு, இசை விளக்கம். 2022–23 பருவத்தில் அவை அமைப்பு, வெளிப்பாடு, ஸ்கேட்டிங் திறன் என்று மூன்றாகச் சுருக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் 10 வரை மதிப்பெண். அதை ஒரு குறிப்பிட்ட எண்ணால் பெருக்குவார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இரண்டாம் பைக்கு மூடி உண்டு. பெண்களின் நீண்ட நிகழ்ச்சியான ஃப்ரீ ஸ்கேட்டில் கூறுகளுக்கு எல்லோரும் பத்துக்குப் பத்து கொடுத்தாலும் 80 புள்ளிக்கு மேல் வராது. கூறுகளை ஐந்திலிருந்து மூன்றாக்கியபோது பெருக்கும் எண்ணையும் மாற்றினார்கள். உச்சம் அதே 80 சொச்சத்தில்தான் நின்றது. முதல் பைக்கு அப்படி ஒரு மூடி கிடையாது. உடம்பு தாங்கினால், தாவல்களைக் கடினமாக்கிக்கொண்டே போகலாம்.

பெண்கள் ட்ரிபிளோடு நின்றிருந்த காலத்தில் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை, இரண்டு பைகளும் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருந்தன. குவாட் வந்ததும் தராசு சாய்ந்தது.

ஒரு குவாட்டின் விலை

கணக்காகவே பார்ப்போம்.

1. குவாட் லட்ஸை நன்றாக எடுத்து +3 வாங்கினால் 11.5 + 3.45 = 14.95. ட்ரிபிள் லட்ஸுக்கு அதே +3 கிடைத்தால் 5.9 + 1.77 = 7.67. ஒரே ஒரு சுற்று கூடியதற்கு 7.28 புள்ளி.

2. இந்த 7.28-ஐக் கூறுகளில் ஈடுகட்ட வேண்டுமானால், எல்லாக் கூறுகளிலும் எதிராளியைவிடக் கிட்டத்தட்ட 0.9 மதிப்பெண் கூடுதலாக வாங்க வேண்டும். உச்சநிலையில் ஆடும் இருவருக்கு நடுவே நடுவர்கள் அவ்வளவு இடைவெளி விடுவது அபூர்வம். அதுவும் ஒரு குவாட்டுக்கு மட்டும்தான் ஈடாகும்.

3. குவாட் லட்ஸில் நான்கு சுற்றையும் முடித்துவிட்டுக் கீழே விழுந்தால்? தரப்புள்ளி –5 என்பதால் பாதி போய் 5.75. விழுந்ததற்கு ஒரு புள்ளி கழித்தால் மீதி 4.75. உலகிலேயே மிகச் சிறந்த டபுள் ஆக்சலுக்கு, ஒன்பது நடுவரும் +5 கொடுத்தாலும், 4.95 தான்.

மூன்றாவது கணக்கை நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். விழுந்து எழுந்து, இசையைத் தவறவிட்டு, மறுபடி ஓடிப் பிடிக்கும் ஒரு தாவலும், குறை சொல்ல முடியாத ஒரு தாவலும் 0.20 புள்ளி வித்தியாசத்தில் நிற்கின்றன. கடினமானதை முயல்பவருக்கு ஊக்கம் வேண்டும்தான். இது அளவுக்கு மீறியது.

பெய்ஜிங்கில் உண்மையில் நடந்தது

இப்போது அந்த இரவுக்குப் போகலாம். ஃப்ரீ ஸ்கேட்டில் ட்ரூசோவாவின் தொழில்நுட்ப மதிப்பெண் 106.16, கூறுகள் 70.97, மொத்தம் 177.13. ஷெர்பகோவாவுக்கு முறையே 100.49, 75.26, மொத்தம் 175.75.

அதாவது நீண்ட நிகழ்ச்சியில் ஜெயித்தவர் ட்ரூசோவா. கூறுகளில் அவர் இழந்தது 4.29, தாவலின் பலத்தில் அவர் சம்பாதித்த கூடுதல் 5.67. “கலை தாவலை வென்றது” என்பவர்கள் இந்த வரியைப் படிப்பதேயில்லை.

பதக்கம் இரண்டு நிகழ்ச்சிகளின் புள்ளியையும் கூட்டித்தான். தங்கம் கைநழுவியது இரண்டு நாள் முன்னால், ஷார்ட் ப்ரோகிராமில். பெய்ஜிங்கில் அந்தக் குறு நிகழ்ச்சியில் பெண்கள் குவாட் எடுக்க விதியில் இடமில்லை. ஆக்சலை டபுளாகவோ ட்ரிபிளாகவோ எடுக்கலாம். ட்ரூசோவா ட்ரிபிள் ஆக்சலுக்குப் போய் விழுந்தார், 74.60. ஷெர்பகோவா டபுள் ஆக்சலோடு சுத்தமாக முடித்தார், 80.20. இடைவெளி 5.60. ஃப்ரீ ஸ்கேட்டில் ட்ரூசோவா மீட்டது 1.38. இறுதியில் 255.95-க்கு 251.73, வித்தியாசம் 4.22.

ட்ரிபிள் ஆக்சலின் அடிப்படை மதிப்பு 8.0. அதில் விழுந்தால், சுற்று முழுமையாக இருந்தாலும், 4.0 போய் இன்னொரு புள்ளி கழிவும் சேரும். கையில் நிற்பது 3.0 தான். விழாமல், சிறப்பும் இல்லாமல் சாதாரணமாக இறங்கியிருந்தாலே குறைந்தது 5 புள்ளி கூடியிருக்கும். 4.22-ஐத் தாண்டிவிடும். ஆக, அந்தத் தங்கத்தைத் தீர்மானித்தது ஒரு தாவல். கலைக்கும் தாவலுக்கும் நடந்த போரில் கலை வென்றதாக அந்த முடிவைப் படிக்க இடமே இல்லை.

இப்படித் தவறாக நினைவில் பதிந்த முடிவு இது மட்டுமல்ல. 2010 வான்கூவரில் ஜப்பானின் மாவோ அசாடா மூன்று ட்ரிபிள் ஆக்சல் எடுத்தும் தென் கொரியாவின் கிம் யுனாவிடம் 205.50-க்கு 228.56 என்று தோற்றார். “தாவல்காரி தோற்றாள், நளினக்காரி ஜெயித்தாள்” என்றுதான் பலர் மனதில் நிற்கிறது. ஃப்ரீ ஸ்கேட் தொழில்நுட்ப மதிப்பெண்ணைப் பாருங்கள்: கிம் 78.30, அசாடா 64.68. ட்ரிபிள் ஆக்சல் இல்லாமலேயே கிம் தாவல் உள்ள பையில் 13 புள்ளிக்கு மேல் முன்னே இருந்தார். அவருடைய ட்ரிபிள் லட்ஸ் – ட்ரிபிள் டோ லூப் இணைப்பு எவ்வளவு வேகத்தில் போய் எவ்வளவு வேகத்தில் வெளியே வந்தது என்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

இசை எங்கே ஒளிந்திருக்கிறது

இசையுணர்வுக்கென்று தனியாக ஒரு மதிப்பெண் இப்போது இல்லை. 2022 வரை “இசை விளக்கம்” என்ற கூறு இருந்தது. இன்று அது இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது: நடன அமைப்பு இசையின் வாக்கியங்களை ஒட்டியிருக்கிறதா என்பது “அமைப்பு” கூறிலும், ஸ்கேட்டர் நேரம் தவறாமல் இசையோடு நகர்கிறாரா என்பது “வெளிப்பாடு” கூறிலும்.

பலருக்குத் தெரியாத மூன்றாவது இடமும் உண்டு. தாவலுக்குத் தரப்புள்ளி இட நடுவர்களிடம் ஆறு அளவுகோல்கள் இருக்கின்றன. உயரமும் நீளமும், எழும்புவதும் இறங்குவதும், சிரமம் தெரியாமை ஆகிய மூன்றும் இல்லாமல் +4, +5 கிடையாது. ஆறாவது அளவுகோல்: அந்தத் தாவல் இசையோடு பொருந்துகிறதா என்பது. ஆகவே “தாவல் ஒரு பக்கம், இசை இன்னொரு பக்கம்” என்ற பிரிவினையை விதிப்புத்தகமே ஏற்கவில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ஜப்பானின் காவோரி சகாமோட்டோவின் டபுள் ஆக்சல் போதும். பெரும்பாலானவர்கள் ஆக்சலுக்கு முன் ஒரு நொடி தயங்குவார்கள். தோள் இறுகும், வேகம் குறையும். சகாமோட்டோ வேகத்தைக் குறைப்பதில்லை. முன்னோக்கி வந்த ஓட்டத்திலேயே இடது காலில் எழும்பி, அகலமாகப் பறந்து, வலது காலில் பின்னோக்கி இறங்குவார். இறங்கிய பிறகுதான் விஷயமே. பிளேடு பனியைக் கரகரவென்று சுரண்டாது. இறங்கிய கால் வரையும் வளைவு நீண்டுகொண்டே போகும், கார்வை போல. அடுத்த அடி எப்போது தொடங்க வேண்டும் என்று இசை சொல்கிறதோ அப்போது தொடங்குவார். மதிப்பு 3.3 புள்ளிதான். பெய்ஜிங்கில் குவாட்டோ ட்ரிபிள் ஆக்சலோ இல்லாமல் அவர் 233.13 எடுத்து வெண்கலம் வாங்கினார். பிறகு 2022, 2023, 2024 என மூன்று உலகச் சாம்பியன் பட்டங்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். குவாட் லட்ஸுக்கு ஸ்கேட்டர் வேகம் சேர்க்க வேண்டும். பின்னோக்கிய வெளிவிளிம்பில் நீண்ட வளைவாக வழுக்கிப் போய், உடலை அந்த வளைவுக்கு எதிர்த்திசையில் திருகி, பின்னால் பல்லை ஊன்ற வேண்டும். அந்தச் சில நொடிகளில் கை ஒன்றும் சொல்வதில்லை, தலை தோளுக்குப் பின்னால் பார்க்கிறது, இசை தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. ஐந்து குவாட் என்றால் இது ஐந்து முறை. ட்ரூசோவாவின் நடன அமைப்பு மெலிந்து தெரிந்ததற்கு அவர் இசை தெரியாதவர் என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. நான்கு நிமிடத்தில் இடமே மிச்சமில்லை.

விதி எழுதும் நடனம்

நடன அமைப்பாளர் இசையைக் கேட்டுத்தான் நிகழ்ச்சி அமைக்கிறார் என்று நினைப்போம். பாதி உண்மை. மீதிப் பாதியை விதிப்புத்தகம் எழுதுகிறது.

2018 பியோங்சாங் இதற்கு நல்ல சாட்சி. நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியில் எடுக்கும் தாவலுக்கு, களைத்த காலோடு எடுப்பதால், 10 சதவீதம் கூடுதல் என்று அப்போது விதி இருந்தது. 15 வயது ரஷ்ய வீராங்கனை அலினா ஜாகிடோவா தன் தாவல்கள் அத்தனையையும் இரண்டாம் பாதிக்குத் தள்ளிவிட்டார். முதல் பாதியில் சுழல்களும் காலடிகளும் மட்டும். ஃப்ரீ ஸ்கேட்டில் அவரும் அவருடைய பயிற்சித் தோழி யெவ்கேனியா மெத்வதேவாவும் வாங்கியது ஒரே எண்: 156.65. ஷார்ட் ப்ரோகிராமில் இருந்த 1.31 வித்தியாசத்தில் ஜாகிடோவாவுக்குத் தங்கம். கூறுகளில் மெத்வதேவா மேலே, தொழில்நுட்பத்தில் ஜாகிடோவா மேலே.

ஜாகிடோவா விதியை மீறவில்லை. பின்பாதியில் ஏழு முறை தாவுவதற்கு வேண்டிய மூச்சு சாதாரணமானதல்ல. ஆனால் நிகழ்ச்சியின் வடிவம் இசையால் அமையாமல் கூடுதல் சதவீதத்தால் அமைந்தது என்று ரசிகர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அடுத்த பருவத்திலேயே சங்கம் விதியை இறுக்கியது: கூடுதல் மதிப்பு ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று தாவல்களுக்கும் ஷார்ட் ப்ரோகிராமில் கடைசி ஒன்றுக்கும் மட்டும்.

கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தாவும் பழக்கமும் இப்படி வந்ததுதான். காற்றில் உடல் நிலையை மாற்றினால் தரப்புள்ளி உண்டு என்று அன்றைய அளவுகோலில் இருந்தது. எல்லாத் தாவலிலும் கை மேலே போனது. 2018-ல் அந்த வாசகம் எடுபட்டதும் கைகளும் மெல்லக் கீழே வந்துவிட்டன.

கூறு மதிப்பெண்ணின் நோய்

தாவலுக்கு அதிகம், கலைக்குக் குறைவு என்று புகார் சொல்பவர்கள் கூறுகளின் பெருக்கு எண்ணை உயர்த்தச் சொல்கிறார்கள். அது மட்டும் போதாது என்பது என் கருத்து. ஏனென்றால் கூறு மதிப்பெண்ணே தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

ஏதாவது ஒரு போட்டியின் விரிவான பட்டியலைப் பாருங்கள். ஒரு ஸ்கேட்டருக்கு அமைப்பு 9.0 என்றால் வெளிப்பாடும் திறனும் அதை ஒட்டியே நிற்கும், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. அற்புதமாக வழுக்குபவர், ஆனால் இசை காதில் விழாதவர் என்று ஒருவர் இருக்க முடியாதா? களத்தில் இருக்கிறார்கள், பட்டியலில் இல்லை. பெரிய தாவல்களைச் சுத்தமாக இறக்கிய நாளில் எல்லாக் கூறுகளும் ஏறும். பெயர் பெற்றவருக்கு முன்கூட்டியே ஏறியிருக்கும். ஒரே நடுவர் நான்கு நிமிடத்துக்குள் 12 அம்சங்களுக்குத் தரப்புள்ளி இட்டு, முடிந்த கையோடு கூறுகளுக்கும் எண் போட வேண்டும். காலடியின் விளிம்பையும் வயலினின் இழைவையும் ஒரே தலை அவ்வளவு நேரத்தில் பிரித்து எடைபோட முடியாது. தாவலைப் பார்க்க ஒரு குழு, இசையையும் அமைப்பையும் பார்க்க இன்னொரு குழு என்று பிரித்தால்தான் இது தெளியும்.

வயது வரம்புக்குப் பிறகு

குவாட் பெண்கள் பிரிவில் பெரும்பாலும் பதின்ம வயதினரிடமிருந்துதான் வந்தது. தாவல் காற்றில் இருப்பது முக்கால் நொடிக்கும் குறைவு. அதற்குள் நான்கு சுற்று முடிய மெல்லிய, ஒடுங்கிய உடல் உதவும்; உடல் வளர்ந்ததும் அதே தாவல் பலருக்குக் கைவிட்டுப் போகும். பெய்ஜிங்கில் 15 வயது ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவாவின் ஊக்கமருந்து விவகாரம், இத்தனை சிறு வயதினர் மேல் இவ்வளவு சுமை வைக்கலாமா என்ற கேள்வியை எல்லோர் முன்னும் வைத்தது. 2022 ஜூனில் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் மூத்தோர் பிரிவின் குறைந்தபட்ச வயதை 15-லிருந்து படிப்படியாக 17 ஆக உயர்த்தியது. அதே ஆண்டு மார்ச்சிலிருந்து ரஷ்ய வீராங்கனைகளுக்குச் சர்வதேசப் போட்டிகளில் தடையும் வந்தது.

விளைவை எண்ணிலேயே பார்க்கலாம். பெய்ஜிங்கில் தங்கம் 255.95. 2025 பாஸ்டன் உலகச் சாம்பியன் போட்டியில் தங்கம் 222.97. கூறுகளின் மூடி இரண்டிலும் ஒன்றுதான்; 33 புள்ளி இறங்கியதில் பெரும்பங்கு குவாட் போனதால்.

பாஸ்டனில் வென்றவர் அமெரிக்காவின் அலீசா லியு. 2019-ல் 13 வயதில் அமெரிக்கச் சாம்பியன் ஆனவர், ட்ரிபிள் ஆக்சல் எடுத்தவர். அதே ஆண்டு குவாட் லட்ஸை எடுத்துக் காட்டிய முதல் அமெரிக்கப் பெண்ணும் இவர்தான். 2022-ல் 16 வயதில் ஓய்வு அறிவித்து விலகினார். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தவரிடம் குவாட் இல்லை, ட்ரிபிள் ஆக்சலும் இல்லை. ட்ரிபிள்களை மட்டும் வைத்துக்கொண்டு, டிஸ்கோ காலத்து டோனா சம்மரின் குரலுக்கு, இறங்கிய ஒவ்வொரு தாவலிலிருந்தும் நிற்காமல் அடுத்த தாளத்துக்குள் ஓடினார். அப்போது அவருக்கு வயது 19.